காலையில் எடுக்காத லாரி, ஓரமாய்க் கசியும் டீசல்: வாசகர் கேள்வி-பதில்

செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி, வாளையார் என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த லாரிக் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக் கடிதங்கள் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்கின்றன, மீதி ‘டீசல் ஒழுகுகிறது’ என்கின்றன. பல வண்டிகளில் இரண்டும் ஒரே கோளாறுதான். டீசல் வெளியே வர வழி இருந்தால் காற்று உள்ளே போகவும் வழி இருக்கும். பம்ப்பைக் கழற்றி பெஞ்சுக்கு (பம்ப் சோதிக்கும் பட்டறைக்கு) அனுப்புவதற்கு முன் டேங்கிலிருந்து, டீசலை சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில் வரை குழாயைப் பின்தொடர்ந்து பார்த்துவிடுங்கள். செலவில் பெரும்பகுதி அங்கேயே மிச்சமாகும்.

கேள்வி: பழைய இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் வரிசைப் பம்ப்) வைத்த பத்துச் சக்கர லாரி. ஜல்லி லோடு ஏற்றி புளியரை வழியாகப் புனலூர், கொல்லம் போய்வருகிறோம். பகலெல்லாம் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, இழுவையும் குறையவில்லை. இரவு ஆரியங்காவு பக்கம் ஏற்றத்தில் நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே இறங்கிவிடுகிறது. எங்கேயும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. மெக்கானிக் நாசிலும் பம்ப்பும் காலிபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். செய்யலாமா? (லாரி உரிமையாளர், புளியரை)

பதில்: இப்போது வேண்டாம். பம்ப் தேய்ந்திருந்தால் பகலில் ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கும். நாசில் கெட்டிருந்தால் புகையும் மிஸ்ஸிங்கும் காட்டிக்கொடுத்திருக்கும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடி, ஓர் இரவு நின்றதும் முரண்டு பிடிக்கிற வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டீசல் லைனில் காற்று புகுவதை.

காரணம் இதுதான். உங்கள் டேங்க் சேஸிஸ் ஓரத்தில், பீட் பம்ப்பை (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப்) விடத் தாழ்வாக இருக்கிறது. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல. அதனால்தான் எங்கும் ஈரம் தெரியவில்லை. எஞ்சின் ஓடும்போது எரிகிற அளவைவிடக் கூடுதலாகப் பீட் பம்ப் டீசலைத் தள்ளுகிறது. மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பும்போது சின்னக் குமிழ்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே பகலில் ஒன்றும் தெரியாது. நிறுத்தி வைத்ததும் குழாயில் நிற்கும் டீசல் மெதுவாக டேங்குக்கு இறங்கிவிடும், அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தும்போது எஞ்சின் இன்னும் உயரமாகிறது, டீசல் இன்னும் எளிதாக இறங்குகிறது.

இதை உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லாத சோதனை, ஓர் இரவு இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்தி நிறுத்துவது. சக்கரத்துக்கு மறக்காமல் கட்டை போடுங்கள். காலையில் சட்டென்று எடுத்தால் காற்றுக் கோளாறு என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அடுத்தது, காலையில் செல்ஃப் தொடுவதற்கு முன் பீட் பம்ப்பில் உள்ள ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் அடிக்கும் குமிழ்) திருகி எழுப்பி அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று அடியிலேயே கை இறுகினால் லைனில் டீசல் நிறைந்திருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. பதினைந்து இருபது அடி லொடலொட என்று போய்ப் பிறகு இறுகினால் லைன் காலி.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் நாசிலுக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் எடுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. உங்கள் வண்டியில் முதலில் புகை இல்லாமல், பிறகு வெள்ளைப் புகை விட்டு விட்டு வந்து, கடைசியில் எடுக்கும் என்று நினைக்கிறோம். லைன் காலியான வண்டி அப்படித்தான் எடுக்கும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான டீசல் ஹோஸ் வாங்கி, முதலில் பீட் பம்ப்புக்கு உள்ளே வரும் பக்கத்தில் இடையில் மாட்டுங்கள். எஞ்சினை ஐடிலில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். முதல் ஓரிரு நிமிடம் குமிழ் வருவது இயல்பு. அதற்குப் பிறகும் மணிமணியாக ஓடிக்கொண்டே இருந்தால் காற்று டேங்குப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே குமிழ் இல்லை, ஆனால் பீட் பம்ப்புக்கு அடுத்து மாட்டினால் தெரிகிறது என்றால் பீட் பம்ப்பும் அதன் இணைப்புகளும்தான் குற்றவாளி. இன்னொரு வழியும் உண்டு. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பீட் பம்ப்பை விட ஓர் அடி உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராகப் பீட் பம்ப்புக்கு ஹோஸ் கொடுங்கள். வண்டி சட்டென்று எடுத்து நன்றாக ஓடினால் கோளாறு டேங்குக்கும் பீட் பம்ப்புக்கும் நடுவில். அதோடு, கேன் உயரத்தில் இருப்பதால் இதுவரை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த பீட் பம்ப் இணைப்பு இப்போது டீசலை வெளியே விடும், ஈரம் கண்ணில் படும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், கேனைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

அனுபவத்தில் அதிகம் சிக்குகிற இடங்கள்: முன்பில்டர் கிண்ணத்தின் ரப்பர் ரிங்கைப் பழையதையே திரும்பப் போட்டிருப்பது. ஹேண்ட் பிரைமர் அடித்துவிட்டுத் திருகி இறுக்காமல் விட்டது, அல்லது அதன் உள் சீல் தேய்ந்தது. சேஸிஸ் பைப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழையாக வெடித்திருப்பது. இந்தக் கடைசி வெடிப்பு கிளிப்பைக் கழற்றி ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் தெரியும், மேலோட்டமாகப் பார்த்துத் ‘நல்லா இருக்கு’ என்று விட்டுவிடுவார்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது காலையில் எடுக்கிறது, கால் டேங்கில் மட்டும் தகராறு என்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேல்பகுதியில் விரிசல். இவை எல்லாம் சரியாக இருந்து லைன் மட்டும் இரவில் காலியாகிறது என்றால் பீட் பம்ப்பின் உள் வால்வும், பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வும் உட்காருகின்றனவா என்று பாருங்கள்.

ஹாலோ போல்ட் (டீசல் குழாயை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) கழற்றும் ஒவ்வொரு முறையும் காப்பர் வாஷர் புதிது போடுங்கள். வழியில் புதிது கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் கரியைத் துடைத்துவிட்டுப் போடலாம். நசுங்கி இறுகிப்போன செம்பு மறுபடி மென்மையாகி மேடு பள்ளத்தில் படிந்துகொள்ளும். அந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அதன் நூல் பிய்ந்து பில்டரைத் தாண்டிய பக்கத்தில் போனால் நேராக நாசிலில் அடைக்கும்.

சரிசெய்த பிறகு ஏர் எடுக்கும் வரிசை முக்கியம். பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை பிரைமர் அடியுங்கள், டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். இரண்டு பில்டர் இருந்தால் டேங்குக்குப் பக்கத்தில் உள்ளது முதலில். அடுத்து பம்ப்பின் ஏர் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். பிரைமரைத் திருகி இறுக்குங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால் இரண்டு நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் துள்ளும்வரை செல்ஃப் அடித்து, பிறகு இறுக்குங்கள். செல்ஃப் ஒரு தடவைக்கு 10, 15 வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். நான்கு தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால் லைனில் இன்னும் காற்று இருக்கிறது, திரும்ப முதலிலிருந்து.

இவ்வளவும் செய்து லைன் இறுக்கமாக நின்றும் காலையில் எடுக்காவிட்டால், அப்போது நாசிலைக் கழற்றலாம்.

கேள்வி: கம்பத்திலிருந்து கோட்டயம் பக்கம் வாழைத்தார், காய்கறி லோடு. வண்டி கொஞ்ச நாளாக டீசல் கூடக் குடிக்கிறது. கீழே ஒழுகல் இல்லை. ஆனால் எஞ்சின் ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. ஆயில் ஊற்றாமலே லெவல் கூடுவது நல்லதுதானே என்கிறார் டிரைவர். (கம்பம்)

பதில்: வண்டியை இன்றே நிறுத்துங்கள். கூடுவது ஆயில் அல்ல, டீசல். டிப் ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வெளிறிய, அகலமான எண்ணெய் வளையமும் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. மோந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துப் போகும், ஆயில் பிரஷர் இறங்கும், பேரிங் பிடிக்கும். லெவல் அளவுக்கு மீறி ஏறினால் இன்னொரு ஆபத்து உண்டு. கிராங்க் அதை அடித்துக் கலக்கி, பிரீதர் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) வழியாக ஏர் பைப்புக்குள் அனுப்பும். எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. குமுளி மலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்லைன் பம்ப் வண்டியில் டீசல் ஆயிலுக்குள் போக முக்கியமான வழி பீட் பம்ப். அது பெரிய பம்ப்பின் இடுப்பில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் கேம்மால் தள்ளப்பட்டு ஓடுகிறது. தள்ளும் தண்டின் சீல் தேய்ந்தால் டீசல் கேம் பெட்டிக்குள் இறங்கும். அந்தப் பெட்டிக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு, ஆகவே டீசல் அப்படியே சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வந்துசேரும். பீட் பம்ப்பைக் கழற்றி, உள்ளே வரும் பக்கத்தில் டீசல் கொடுத்து, வெளியேறும் பக்கத்தை விரலால் அடைத்துக்கொண்டு பிரைமர் அடியுங்கள். தண்டு நீட்டியிருக்கும் துளையில் டீசல் ஊறினால் கிட் மாற்றுங்கள், பழசாகிவிட்டால் பீட் பம்ப்பையே மாற்றுங்கள். அங்கே காய்ந்திருந்தால் பெரிய பம்ப்பின் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) அல்லது அதன் ரப்பர் ரிங். அது பெஞ்ச் வேலை, ரோட்டோரத்தில் திறக்கக் கூடாது. மூன்றாவது, சொட்டுப் போடும் நாசில். அது லைனர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கும். அப்படியானால் அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கும், புகையும் இருக்கும்.

பழுது தீர்ந்ததும் ஆயிலும் ஆயில் பில்டரும் கட்டாயம் புதிது. பழைய ஆயிலில் கொஞ்சம் வடித்துவிட்டு லெவலைச் சரிசெய்வது போதாது. அடுத்த சில டிரிப்புக்கு டிப் ஸ்டிக்கில் பேனாவால் கோடு போட்டு தினமும் பாருங்கள்.

பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: சில எஞ்சின்களில் புகை வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய சிலிண்டரிலேயே கூடுதல் டீசல் தெளிக்கப்படுகிறது. அந்தச் சுத்திகரிப்பை முடிய விடாமல் அடிக்கடி வண்டியை அணைத்தாலும் ஆயில் லெவல் ஏறும்.

கேள்வி: தேங்காய் லோடு ஓட்டுகிறோம். மூன்றாவது நாசில் பைப் நட்டில் கசிவு. இறுக்கினால் இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி கசிகிறது. எவ்வளவு இறுக்கலாம்? (கோபாலபுரம், பொள்ளாச்சி)

பதில்: முதலில் ஒரு எச்சரிக்கை. ஓடும் எஞ்சினில் அந்தப் பைப்பைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய பம்ப் வண்டியில் நாசில் திறக்கும் அழுத்தமே ஏறத்தாழ 200 பார், காமன் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரே உயரழுத்தக் குழாய் உள்ள புது வகை) 1600 பாரையும் தாண்டும். ஊசி முனைக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் வீங்கும், விரலையே எடுக்கும் நிலை வரும். பட்டுவிட்டால் மருந்து போட்டுக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், ‘அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும், நீட்டிப் பிடித்தால் அதில் ஈரப் புள்ளி விழும்.

கசிவு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை அணைத்துப் பம்ப்பையும் பைப்பையும் பிரஷ்ஷால் கழுவி, துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டு, முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓட விட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் முதலில் கறுக்கும் இடம்தான் மூலம். நட்டில் கசிகிறது என்று பல மாதம் இறுக்கிக்கொண்டிருந்த கசிவு, டெலிவரி வால்வு ஹோல்டருக்கு (பம்ப்பில் பைப் மாட்டும் தலை) அடியில் உள்ள ரப்பர் ரிங்கிலிருந்து மேலே ஏறி வந்ததாக இருக்கும்.

இறுக்குவதற்கு அளவு உண்டு. இந்த வகை நட்டுகளுக்குப் பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கம்பெனி கையேடு சொல்கிறது, அதாவது சாதாரண நீள ஸ்பேனரில் ஒரு கையின் பலம். ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாய் மாட்டி நீட்டி இறுக்கக் கூடாது. மீறி இறுக்கினால் பைப் நுனியின் கூம்பு நசுங்கி உள் துளை சிறுக்கும், அந்த சிலிண்டருக்கு டீசல் குறையும், கசிவும் நிற்காது. உங்களுக்கு இரண்டு நாளில் திரும்பக் கசிவதைப் பார்த்தால் கூம்பில் விரிசல் இருக்கலாம், அல்லது பைப்பை வளைத்துப் பிடித்துத் திணித்து மாட்டியிருக்கிறார்கள். கிளாம்ப்புகளையும் இரண்டு நட்டுகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். பைப் தானாக இரண்டு பக்கமும் உட்கார வேண்டும், நட்டு விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும். பிறகு பம்ப் பக்கத்தில் டெலிவரி வால்வு ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். கிளாம்ப் கடைசியில். ரப்பர் போன கிளாம்ப்பைத் தூக்கியெறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய, அதிர்வில் பைப் வெடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வெடித்த பைப்பை வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டாம், நிற்காது. அதே நீளம், அதே உள் துளை உள்ள புதுப் பைப் வாங்குங்கள். ஆறு பைப்பும் ஒரே நீளமாக இருக்கத்தான் அவற்றை அப்படிச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். நீளம் மாறினால் டைமிங் மாறும்.

கேள்வி: 2018 மாடல் காமன் ரெயில் வண்டி. வாளையாரில் டீசல் பில்டர் மாற்றினோம். அதற்குப் பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. பழைய வண்டி மாதிரி நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. காமன் ரெயிலில் பம்ப்பைத் தாண்டிய எந்த நட்டையும் எஞ்சின் சுற்றும்போது தளர்த்தக் கூடாது. உடலுக்கும் ஆபத்து, ஒரு தூசி போனாலும் இன்ஜெக்டருக்கும் (இந்த வண்டிகளில் நாசில் உள்ள பாகம்) ஆபத்து.

இந்த வண்டிகளில் ரெயிலில் குறிப்பிட்ட அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். பல எஞ்சின்களில் அது 200 பாரிலிருந்து 300 பாருக்குள். லைனில் கொஞ்சம் காற்று இருந்தாலே அது ஏறாது, செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. பில்டர் மாற்றியதும் வந்த கோளாறு என்பதால் பில்டரையே பாருங்கள். பழைய பில்டரின் ரப்பர் ரிங் தலையில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதுப் பில்டரை ரிங்கோடு ஏற்றியிருப்பார்கள். இரண்டு ரிங் இருந்தால் சீல் நிற்காது. தலையை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். புதுப் பில்டருக்குள் மேலிருந்து டீசல் ஊற்றி மாட்டும் பழக்கமும் இங்கே உதவாது, வடிகட்டாத டீசல் நேராகச் சுத்தப் பக்கத்தில் விழும். காலியாக மாட்டி, கைப் பம்ப்பை இறுகும்வரை அடித்து, சாவியை ஆன் செய்து பத்து வினாடி விட்டு, பிறகு செல்ஃப் கொடுங்கள். இரண்டு மூன்று முறை இதே வரிசை.

அப்போதும் எடுக்காவிட்டால் ஸ்கேனர் மாட்டி, சுற்றும்போது ரெயில் அழுத்தமும் எஞ்சின் வேகமும் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார். அழுத்தம் ஏறவில்லை என்றால், லைன் நன்றாக இருந்தும் ஒரு இன்ஜெக்டர் உள்ளேயே திருப்பிவிட்டுக்கொண்டிருக்கலாம். ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி அளவு பாட்டிலில் விட்டுச் சுற்றிப் பார்த்தால், மற்றவை ஒரே அளவு நிரம்ப, ஒன்று மட்டும் இரண்டு மடங்கு நிரம்பும். அந்த ஒன்றை மட்டும் சோதனைக்கு அனுப்புங்கள். ஆறையும் மாற்றச் சொன்னால் இந்த அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: போடிமெட்டு ஏறி மூணாறு பக்கம் போகும் வண்டி. மார்கழி, தையில் காலையில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டே சுற்றுகிறது, எடுக்க நேரமாகிறது. துணியில் டீசல் நனைத்துக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டுகிறோம். (போடிநாயக்கனூர்)

பதில்: அந்தத் துணி ஒரு நாள் உள்ளே போகும். டர்போ உள்ள வண்டியில் ஒரு நூல்கந்தை போதும், விசிறி போய்விடும். ஈதர் ஸ்ப்ரேயும் அப்படியே. சூடேற்றி (ஹீட்டர்) பொருத்திய எஞ்சினில் ஏர் பைப்பிலேயே வெடிக்கும், இல்லாத எஞ்சினில் முன்கூட்டியே பற்றி ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 16, 18 மடங்கு நெருக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் நெருக்கிய காற்று ரிங் வழியாகக் கசிந்தும் சுவரில் ஆறியும் போய்விடும். ஆகவே குளிர்காலக் கோளாறில் முதலில் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் இரவு நின்ற பேட்டரி ஜோடி 25.2 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 19 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் பேட்டரியைத் தனித்தனியாகச் சோதியுங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் செத்திருக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் மந்தமாகச் சுற்றினால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. மழையில் நனைந்தே ஓடுகிற நம் எல்லை வண்டிகளில் இது மிகச் சாதாரணம், சுரண்டிச் சுத்தம் செய்தாலே வண்டி மாறிவிடும். கெட்டியான ஆயிலும் வேகத்தைக் குறைக்கும். உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி அனுமதித்தால் 20டபிள்யூ-50 இடத்தில் 15டபிள்யூ-40 போடுங்கள்.

மலை வண்டிகளில் மட்டும் அடிக்கடி வரும் ஒன்று: எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைக் குழாயை மூடி வேகத்தைக் குறைப்பது) தட்டு கரி பிடித்து மூடியபடியே நின்றுவிடுவது. புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் மூச்சடைத்துச் சுற்றும். கையால் லீவரை அசைத்து முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாப் கேபிளும் அப்படித்தான், முழுக்கத் திரும்பாமல் பாதியில் நின்றால் பம்ப் பாதி அணைந்த நிலையிலேயே இருக்கும். இவை எல்லாம் சரி என்றால் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடுவது). அது மிகக் குறைந்திருந்தால் வால்வு முழுக்க உட்காராது, நெருக்கம் போய்விடும்.

கேள்வி: சின்ன லாரி, ரோட்டரி பம்ப். காலையில் ஒரே அடியில் எடுக்கும். களியக்காவிளையில் நெரிசலில் அணைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்தால் எடுக்காது. ஆறின பிறகு எடுக்கும்.

பதில்: பம்ப்பின் தலைப்பகுதி தேய்ந்திருக்கிறது. சூட்டில் டீசல் நீர்த்துத் தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடும், செல்ஃப் வேகத்தில் அழுத்தம் ஏறாது. அடுத்த முறை எடுக்காதபோது ஈரத்துணியைப் பம்ப் தலையில் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டால் பம்ப்தான் என்பது தெளிவு. நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான உலோகம் திடீரென்று சுருங்கினால் உள்ளே பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஊற்றினால் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும், அதற்கு மசகுத்தன்மை குறைவு.

கேள்வி: ஆட்ப்ளூவை (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்) தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டார் கிளீனர். பத்து லிட்டர் இருக்கும். டீசல் நிறைய இருக்கிறதே, கலந்து ஓட்டிவிடலாமா?

பதில்: சாவியைக்கூடத் தொடாதீர்கள். ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் மீதித் தண்ணீரும். டீசலோடு கலக்காது, அதைவிடக் கனம், ஆகவே அடியில் போய் நிற்கும். உறிஞ்சு குழாய் நிற்பதும் அங்கேதான். முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கை முழுக்க வடித்துக் கழுவிய பிறகே சாவி. ஏற்கெனவே ஓட்டியிருந்தால் பில்டர்கள் மாற்றி, பம்ப்பிலும் ரெயிலிலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜூன் மாதம் கேரளாவில் மழை பிடித்ததிலிருந்து பில்டரில் தண்ணீர் வருகிறது. (செங்கோட்டை)

பதில்: பில்டர் கிண்ணத்தின் அடித் திருகைக் காலையில் எஞ்சின் எடுப்பதற்கு முன் திறந்து வடியுங்கள், இரவில் தண்ணீர் அடியில் சேர்ந்திருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் பிரிந்து நிற்பது தெரியும். தினமும் வந்தால் டேங்கின் அடிப் பிளக்கைத் திறந்து கழுவுங்கள், மூடியின் ரப்பரை மாற்றுங்கள். பாதி டேங்கோடு இரவு நிறுத்தினால் காலியிடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து நீராகும், ஆகவே மழைக்காலத்தில் மாலையிலேயே நிரப்புங்கள். விலை குறைவு என்று கேனிலும் பேரலிலும் வாங்கிச் சேர்த்து வைத்து ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீர்க் கோளாறு அதிகம் வருகிறது.

கேள்வி: ரிட்டர்ன் ஹோஸ் வெடித்துவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் போட்டு ஊர் போய்ச் சேரலாமா?

பதில்: பிளாஸ்டிக் குழாய் டீசலில் ஊறி, சூட்டில் இளகி, ஆறியதும் விறைத்து வெடிக்கும். வலை பின்னிய டீசல் ஹோஸ் ஒரு மீட்டரும் நாலு கிளிப்பும் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே பில்டர் ரப்பர் ரிங் இரண்டும் ஒவ்வொரு அளவிலும் காப்பர் வாஷரும். மலைப்பாதையில் கடை தேட வேண்டியதில்லை. ஊர்வரை ஓட்டலாமா என்பது கசிவு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. டேங்குப் பக்கம் சொட்டினால் கட்டிக்கொண்டு மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போகலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ மேல் தெறித்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது அந்த இரும்பின் சூடு டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலையை எளிதில் தாண்டும். அணைத்து, பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்து, தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு கேபினைத் தூக்குங்கள்.